பதினொண்ணு காலி

இப்போது அந்த இடத்தில் பன்னிரண்டு மாடிக் கட்டடம் நிற்கிறது. வாசலில் ஒரு கண்ணாடிக் கதவு, யார் வந்தாலும் தானே திறந்துகொள்ளும். கதவுக்கு உள்ளே ஒரு மேசை, மேசைக்குப் பின்னால் நான். வருகிறவர்களிடம் "யாரைப் பார்க்கணும் சார்?" என்று கேட்டு நோட்டில் எழுதிக்கொள்வது என் உத்தியோகம். தலைக்கு மேல் ஏ.சி. உண்டு. அது நேராக என் பிடரியில் அடிக்கிறது. கழுத்தைத் திருப்ப முடியாமல், எவனாவது பக்கவாட்டில் வந்து நின்றால் உடம்போடு திரும்பிப் பார்க்கிறேன். இந்த ஏ.சி.க்காக நான் என்ன செய்தேன் என்பதைச் சொல்லத்தான் உட்கார்ந்திருக்கிறேன். என் கதையில் சரக்கு ஒன்றும் இல்லை. மாடியக்காவின் கதையைச் சொன்னால், நான் செய்தது நடுவில் தானாக வந்துவிடும்.

முன்பு அங்கே ஒரு லாட்ஜ் இருந்தது. நெடுஞ்சாலை ஓரம், கீழே ஆறு அறை, மேலே எட்டு. லாரி டிரைவர்கள், மருந்துக் கம்பெனி ஆட்கள், கோர்ட் வேலையாக வந்தவர்கள், வீட்டில் சண்டை போட்டுக்கொண்டு வந்தவர்கள் எல்லாரும் தங்குவார்கள். பெயர்ப்பலகையில் பாதி எழுத்து உதிர்ந்துபோனதால் எல்லாரும் 'பழைய லாட்ஜ்' என்றே சொல்வார்கள். சுவரைத் தொட்டால் சுண்ணாம்பு கையோடு வரும். ஒன்பதாம் நம்பர் மின்விசிறியைப் போட்டால் பத்தாம் நம்பர்காரர் எழுந்து வந்து சண்டை பிடிப்பார். இடிக்க வேண்டிய கட்டடம்தான். அதற்காக நான் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை, இதையும் சொல்லிவிடுகிறேன்.

மாடியக்கா அங்கே வேலைக்கு வந்தவள் இல்லை. வாடிக்கையாளராக வந்தவள். கல்யாணமாகி நாலு மாதம். புருஷன் லாரி டிரைவர். பதினோராம் நம்பரில் அவளை உட்கார வைத்துவிட்டு, "டயர் பார்த்துட்டு வந்துடறேன்" என்று கீழே இறங்கினான். அந்த டயர் எந்த ஊரில் இருந்ததோ, இன்றுவரை பார்த்துக்கொண்டே இருக்கிறான். ரிஜிஸ்டரில் அவன் பெயரும் லாரி நம்பரும் இருந்தன, அதற்குக் கீழே 'உடன் ஒருவர்' என்று எழுதியிருந்தது. அந்த 'ஒருவர்'தான் அக்கா. இருபத்தைந்து வருடத்தில் அந்த லாட்ஜின் எந்தக் காகிதத்திலும் அவள் அதற்கு மேல் ஏறவில்லை.

நாலாம் நாள் பெரிய முதலாளி மேலே போய்க் கதவைத் தட்டினார். அறை பளிச்சென்று இருந்ததாம். பெட்ஷீட் சுருக்கம் இல்லாமல் விரித்திருக்க, அது கசங்கக் கூடாதென்று அவள் தரையில் உட்கார்ந்திருந்தாளாம். "வேற வேலை ஏதாவது தெரியுமா?" என்று அவர் கேட்டார். "இதே வேலைய மத்த ரூம்லயும் செய்யறேன்" என்றாள் அவள். பெரியவர் ஒன்றும் தர்மப் பிரபு இல்லை. பதினோராம் நம்பரின் கூரை ஒழுகும், அதை எவனுக்கும் வாடகைக்கு விட முடியாது. ஒழுகிற அறையையும் அழுகிற பெண்ணையும் ஒன்றாகச் சேர்த்து வைத்துவிட்டார் என்று நான் ஒருமுறை சொன்னேன். "நான் எங்க அழுதேன்? கூரைதான் அழுதுச்சு" என்றாள் அக்கா.

நான் அதற்கு இரண்டு வருடம் கழித்து கவுன்டருக்கு வந்தேன். மேலே ஒரு அறை தயாரானால் அவள் மணி அடிக்க வேண்டும், நான் பலகையில் சாவியை மாட்டி அடுத்த ஆளுக்குக் கொடுக்க வேண்டும். மணி கெட்டுப்போனது. பெரியவர் சரிசெய்யவில்லை. அதனால் அக்கா மாடிப்படி விளிம்பில் நின்று கத்துவாள்: "ஏழாம் நம்பர் பெருக்கியாச்சு, துடைச்சாச்சு, பெட்ஷீட் மாத்தியாச்சு, சோப்பு வச்சாச்சு!" அறைக்கு அறை இதே பாட்டு. கவுன்டர் முன்னால் நிற்பவர்கள் அண்ணாந்து பார்ப்பார்கள்.

"அக்கா, இவ்ளோ நீளமா புராணம் பாடாதீங்க. காலின்னு ஒரு வார்த்தை சொல்லுங்க, நான் புரிஞ்சுக்கறேன்" என்றேன்.

அந்த வார்த்தையை ஆரம்பித்து வைத்தவன் நான். இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அன்றிலிருந்து எங்கள் லாட்ஜில் 'காலி' என்றால் ஆள் இல்லை என்று அர்த்தம் இல்லை. ஆள் போய், அறை அழுக்காகக் கிடந்தால் 'ஆளில்லை' என்பாள். பெருக்கித் துடைத்து எல்லாம் முடிந்தால்தான் 'காலி'. மாதக்கணக்கில் தங்கியிருப்பவர்களின் அறையைச் சுத்தம் செய்தாலும் 'காலி'தான். ஒருமுறை மருந்துக் கம்பெனிக்காரர் ஷூ லேஸ் கட்டிக்கொண்டிருக்கும்போதே அக்கா "எட்டு காலி!" என்று கத்த, அவர் பதறிக்கொண்டு வெளியே வந்தார். "ஏம்மா, நான் இன்னும் உள்ள உசுரோடதான் இருக்கேன்!" என்றார். அதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் ஒரு வருடம் சிரித்தோம்.

மத்தியானம் எல்லா அறையும் முடிந்த பிறகு கடைசியாகத் தன் அறையைச் சுத்தம் செய்வாள். நான் கீழேயிருந்து "பதினொண்ணு?" என்பேன். "காலி!" என்று குரல் வரும். அன்றைய வேலை முடிந்தது என்று அர்த்தம். உடனே நான் டீ சொல்லி அனுப்புவேன். இருபத்து மூன்று வருடம் இது ஒரு நாள் தவறியதில்லை.

அக்காவுக்குப் பெரிய ஆசை என்று ஒன்றும் கிடையாது. ஒரே ஒரு குறை உண்டு. லாட்ஜ் அறைக் கதவு எதற்கும் உள்ளே உருப்படியான தாழ்ப்பாள் இல்லை. மாஸ்டர் சாவி கவுன்டரில் தொங்கும், எந்தக் கதவையும் எவனும் திறக்கலாம். இரண்டு தடவை குடித்துவிட்டு வந்தவர்கள் அறை மாறி அவள் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போயிருக்கிறார்கள். அதற்குப் பிறகு கதவுக்கு முட்டுக்கொடுத்த நாற்காலியில் காலை நீட்டிக்கொண்டுதான் தூங்குவாள். "உள்ள ஒரு தாழ்ப்பாள் இருக்கணும் தம்பி. நான் போட்டா நான்தான் திறக்கணும்" என்பாள்.

பெரியவர் போய்ச் சேர்ந்தார். அவர் மகன், சின்னவர், வந்தார். வந்த வேகத்தில் இடத்தை அடுக்குமாடி கட்டுகிறவர்களுக்குப் பேசி முடித்தார். லாட்ஜை இடிக்கப் போகிறார்கள் என்று தெரிந்ததும், நான் விசாரித்துக்கொண்டு வந்து அக்காவிடம் சொன்னேன். இந்த மாதிரி இடிக்கிற கட்டடத்தில் ஒரு வருடத்துக்கு மேல் குடியிருப்பவர்களுக்கு, அரசாங்கம் வேறு இடத்தில் ஒற்றை அறை வீடு கொடுக்கும். கணக்கெடுக்க ஆள் வருவார்கள், பட்டியலில் பேர் இருந்தால் போதும்.

"ஒரு வருஷம் இருந்தா போதுமா? நான் இருபத்தஞ்சு வருஷம்! அப்ப எனக்கு இருபத்தஞ்சு ரூம் குடுப்பாங்களா?"

"ஒண்ணுதான்க்கா. மேல் மாடியா, கீழ் வீடான்னு கேட்பாங்க."

"கீழ். இந்த ஜென்மத்துக்கு ஏறின படி போதும்" என்று முட்டியைத் தடவினாள்.

மறுநாள் கடைவீதிக்குப் போய் ஒரு பித்தளைத் தாழ்ப்பாள் வாங்கி வந்தாள். வீடு எங்கே என்று தெரியாது, கதவு என்ன கதவு என்று தெரியாது, தாழ்ப்பாள் மட்டும் தயார். காகிதத்தைப் பிரித்து எனக்கு இழுத்து, தள்ளி, இழுத்துக் காட்டினாள்.

இரண்டு வாரம் கழித்துச் சின்னவர் என்னைத் தன் காருக்குள் கூப்பிட்டு உட்கார வைத்தார். அதற்கு முன் அந்தக் காரின் கதவைத் திறந்துவிட்ட பழக்கம் எனக்கு உண்டு, உட்கார்ந்த பழக்கம் இல்லை.

"புது பில்டிங்ல ரிசப்ஷன் உங்களுக்குத்தான். பேசிட்டேன். ஏ.சி. எல்லாம் இருக்கும்" என்றார். பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்தபடி, "குடியிருக்கிறவங்கன்னு யாராவது பட்டியல்ல வந்தா, அவங்களுக்கு வீடு குடுத்து முடிக்கிற வரைக்கும் இடிக்க விடமாட்டாங்க. வருஷக்கணக்கா இழுக்கும். அப்புறம் புது பில்டிங்கும் இல்ல, ரிசப்ஷனும் இல்ல. புரியுதுல்ல?" என்றார்.

புரிந்தது. எனக்கு வயது நாற்பத்தாறு, சாவி மாட்டுவதைத் தவிர வேறு எதுவும் தெரியாது. வீட்டில் சொன்னேன். "ஊர்ல இருக்கிறவங்களுக்கெல்லாம் நீங்கதான் பரிஞ்சு பேசணுமா? வாய மூடிட்டு இருங்க, அது போதும்" என்றாள் என் மனைவி. அவள்மேல் பழி போடவில்லை. அவள் சொல்லாவிட்டாலும் நான் அதைத்தான் செய்திருப்பேன், அவள் சொன்னது எனக்கு வசதியாக இருந்தது.

இடத்தை வாங்குகிறவர்கள் பார்க்க வருகிறார்கள், எல்லா அறையையும் பளிச்சென்று வைக்க வேண்டும் என்று சின்னவர் அக்காவிடம் சொல்லியிருந்தார். அவள் விடியற்காலையே வாளியோடு மேலே ஏறிவிட்டாள். தன் அறையைப் பார்த்து யாரும் முகம் சுளிக்கக் கூடாதென்று தன் துணிமணி, பெட்டி, ஸ்டவ் எல்லாவற்றையும் பெட்ஷீட் அடுக்கும் அறைக்குள் தள்ளிவிட்டாள். புது உறை, புது சோப்பு.

பத்து மணிக்கு ஒரு அதிகாரி வந்து என் கவுன்டரில் கோப்பைத் திறந்தார். மேலே என்ன அச்சடித்திருக்கிறது என்று பார்த்தேன். இடம் வாங்குகிறவர் இல்லை, குடியிருப்போர் கணக்கெடுப்பு. கீழ் அறைகளை எட்டிப் பார்த்துவிட்டு வந்தவர், மாடிப்படியை அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டார். கனத்த உடம்பு.

"எதுக்கு சார் சிரமம்? இங்கிருந்தே கேட்டுடலாம். எங்க வேலைக்காரம்மா மேலதான் இருக்காங்க" என்றார் சின்னவர். என்னைப் பார்த்தார். "கேளுங்க."

எங்கள் பழக்கம் அவருக்குத் தெரியும். சின்ன வயதில் அவரும் படியில் உட்கார்ந்து அக்காவைப் போலவே கத்தி விளையாடியவர்தான்.

"ஏழு?" என்றேன்.

"காலி!"

"எட்டு?"

"காலி!"

அதிகாரி டிக் அடித்துக்கொண்டே வந்தார். பத்து முடிந்தது. "அக்கா, கொஞ்சம் கீழ வாங்க" என்று சொல்லியிருக்கலாம். நாலே வார்த்தை. அல்லது அதிகாரியிடம், "சார், அது எங்க பாஷை" என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

"பதினொண்ணு?"

"காலி!"

மற்ற எல்லாவற்றையும் விட அதைத்தான் உரக்கச் சொன்னாள். அவ்வளவு நன்றாகத் துடைத்து வைத்திருந்தாள்.

வேலை செய்கிறவர் ஒருவர் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்றார் அதிகாரி. அக்கா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு இறங்கி வந்தாள். கையெழுத்துப் போட அவளுக்குக் கற்றுக்கொடுத்ததும் நான்தான், இதே கவுன்டரில். பேனாவைப் பிடித்தபடி என்னைப் பார்த்தாள்.

"போடலாமா தம்பி?"

"போடுங்கக்கா."

எழுத்து எழுத்தாக, கோடு தாண்டாமல் போட்டாள்.

பட்டியல் ஒட்டியபோது அதில் எங்கள் லாட்ஜுக்கு நேராக 'குடியிருப்போர் இல்லை' என்று இருந்தது. என்னை அழைத்துக்கொண்டு அலுவலகத்துக்குப் போனாள். வரமாட்டேன் என்று சொல்ல எனக்குத் துப்பில்லை. பழைய ரிஜிஸ்டர்களை எடுத்துக்கொள்ளச் சொன்னாள். அவற்றைச் சின்னவர் முந்தின வாரமே பழைய பேப்பர்காரனுக்குப் போட்டுவிட்டார் என்றேன். உண்மைதான், கட்டிக்கொடுத்தவன் நான்.

அதே அதிகாரி. தாளைத் திருப்பிக் காட்டினார். பதினொன்று, காலி. கீழே அவளுடைய கையெழுத்து.

"சார், காலின்னா பெருக்கித் துடைச்சு ரெடியா இருக்குன்னு அர்த்தம். ஆள் இருந்தாலும் அப்படித்தான் சொல்லுவோம்."

"எந்த ஊர் அகராதியிலம்மா அப்படி இருக்கு?" அவர் சிரித்தார். கெட்ட சிரிப்பு இல்லை, அவருக்கு நிஜமாகவே வேடிக்கையாக இருந்தது.

"தம்பிய கேளுங்க சார். அவர்தான் இந்த வார்த்தைய ஆரம்பிச்சு வச்சார். சொல்லுங்க தம்பி."

அதிகாரி என்னைப் பார்த்தார். பேனா மூடியைக்கூடக் கழற்றினார். நான் சொன்னால் எழுதியிருப்பார். அந்த மூடி கழன்றதை நான் பார்த்தேன், அதனால் எனக்குத் தெரியும்.

"காலின்னா காலிதான் சார்" என்றேன். "இவங்க வேலைக்கு வந்து போறவங்க."

அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் எதையாவது கத்தி, கோபத்தில் மறைந்துகொண்டிருப்பேன். அந்த வசதியை அவள் எனக்குத் தரவில்லை.

"சொந்தக்காரங்க யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார் அதிகாரி. மூடியைத் திரும்ப மாட்டிவிட்டார்.

"தம்பி இருக்கான் சார், கூடப்பிறந்தவன். அவன் வீட்டு ஹால்ல படுத்துக்கலாம். ஹாலுக்குத் தாழ்ப்பாள் கிடையாதே."

அவருக்கு அது புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

லாட்ஜ் மூட இன்னும் மூன்று வாரம் இருந்தது. அக்கா வேலையை நிறுத்தவில்லை. ஆனால் அதற்குப் பிறகு மாடியிலிருந்து கத்துவதை நிறுத்திவிட்டாள். ஒவ்வொரு அறை முடிந்ததும், முட்டியைப் பிடித்துக்கொண்டு படி படியாக இறங்கி, கவுன்டர் முன்னால் நிற்பாள். "ஏழாம் நம்பர் பெருக்கியாச்சு, துடைச்சாச்சு, பெட்ஷீட் மாத்தியாச்சு, சோப்பு வச்சாச்சு" என்று சாதாரணக் குரலில் சொல்வாள். திரும்ப ஏறுவாள். ஏழு அறைக்கு ஏழு தடவை. "அக்கா, அங்கிருந்தே சொல்லுங்களேன்" என்று ஒரு நாள் கெஞ்சினேன். "தப்பா எடுத்துப்பாங்க தம்பி" என்றாள். தன் அறையை முடித்ததும் மட்டும் இறங்கி வந்து சொல்லவில்லை. எப்போது முடித்தாள் என்று எனக்குத் தெரியாது. டீ சொல்வதும் நின்றுபோனது.

கடைசி நாள் பதினோராம் நம்பர் சாவியைக் கவுன்டரில் வைத்தாள். பக்கத்தில் அந்தக் காகிதப் பொட்டலத்தையும் வைத்தாள்.

"இது எதுக்குக்கா?"

"உங்க புது ஆபீஸ்ல எங்கயாவது போட்டுக்கோங்க. நான் வச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறேன்?"

இந்தக் கண்ணாடிக் கதவில் தாழ்ப்பாள் போட இடம் இல்லை. என் மேசை டிராயரில் கிடக்கிறது. பேனா தேடும்போதெல்லாம் கையில் படுகிறது.

இடிக்கிற நாள் காலை எனக்கு ஒரு மஞ்சள் அங்கியும் விசிலும் கொடுத்தார்கள். புது உத்தியோகத்தின் முதல் வேலை, வேடிக்கை பார்க்கிறவர்களைக் கயிற்றுக்கு வெளியே நிறுத்துவது. இயந்திரம் உறுமிக்கொண்டு நின்றது. இடிப்பு வேலையின் மேஸ்திரி என்னிடம் வந்தார்.

"உள்ள யாராவது இருக்காங்களான்னு ஒரு தடவை பார்த்துடுங்க. போன கட்டடத்துல ஒருத்தன் குடிச்சுட்டுத் தூங்கிட்டிருந்தான், ஜஸ்ட்ல தப்பிச்சோம்."

கீழ் அறைகளைப் பார்த்தேன். கதவு, ஜன்னல் எல்லாவற்றையும் கழற்றியிருந்தார்கள். மாடிப்படியின் கைப்பிடியையும் பெயர்த்திருந்தார்கள், ஏறப் பயமாக இருந்தது. கீழேயே நின்று மேலே பார்த்துக் கூப்பிட்டேன். வாய்க்குப் பழகிய வரிசை தானாக வந்தது.

"ஏழு? எட்டு? ஒன்பது?"

"என்னங்க, அட்டெண்டன்ஸ் எடுக்கறீங்களா?" மேஸ்திரி சிரித்தார்.

"பத்து?"

மேலே சத்தம் இல்லை.

"பதினொண்ணு?"

"காலி!"

மேலேயிருந்து வரவில்லை. எனக்குப் பின்னால், தெருவிலிருந்து வந்தது. கூட்டம் சிரித்தது. திரும்பினேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம், கையில் ஒரு பெட்டியோடு அக்கா நின்றாள். இருபத்து மூன்று வருடம் மாடியிலிருந்து வந்த அதே தொண்டை, அதே சத்தம். என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"யாருங்க அந்தம்மா?" என்று கேட்டார் மேஸ்திரி.

"இங்க குடியிருந்தவங்க" என்றேன். "பதினோராம் நம்பர்ல. இருபத்தஞ்சு வருஷமா."

எவ்வளவு சுலபமாக வந்துவிட்டது. இதே வரியை அந்த அதிகாரியிடம் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு வீடு கிடைத்திருக்கும். மேஸ்திரியிடம் சொன்னதில் ஒரு செங்கல்கூட அசையப் போவதில்லை, அதனால்தான் வந்தது.

"சரி, இப்ப உள்ள யாரும் இல்லல்ல?"

"இல்ல" என்றேன். "காலி."

அவர் இயந்திரக்காரனுக்குக் கையைக் காட்டிவிட்டு, என்னை விசில் ஊதச் சொன்னார். ஊதினேன்.